பெயர் எழுதாத நடுகற்கள்

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பாடாங் திடலைச் சுற்றிக்கொண்டு எஸ்பிளனேட் பூங்காவுக்குள் போனால், சில நிமிட நடைக்குள் நான்கு நினைவுச் சின்னங்களைப் பார்த்துவிடலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1922இல் திறக்கப்பட்ட செனோடாஃப் ஒன்று. நான்கு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் எட்டுப் பட்டைக் கோபுரமான லிம் போ செங் நினைவகம் இன்னொன்று. மரங்களுக்கு நடுவே, தேடிப் போனால் மட்டும் கண்ணில் படுகிற இந்திய தேசிய ராணுவ நினைவுக் குறி மூன்றாவது. பூங்காவை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால், 65 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்கள். ஜப்பானியர் காலத்தில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவகம் அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று இனத்துக்கு ஒரு தூண்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த வழியாக நடப்பேன், பெரும்பாலும் பிப்ரவரி 15ஆம் தேதி. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள் அது. இப்போது முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கிறோம். வெள்ளைத் தூண்களின் அடியில் மலர்வளையங்கள் வைப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள், மாலையில் தீவு முழுவதும் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். இந்திய தேசிய ராணுவக் குறியின் முன்னால் நான் போன வருஷங்களில் அனேகமாக யாரும் இருந்ததில்லை. ஒரு முறை மட்டும் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "இங்கே எதுக்கு நேதாஜி?" என்று அவர்களுடைய மகள் கேட்டாள். அவள் அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. அந்தப் பதிலின் மீதிதான் இந்தக் கட்டுரை.

சர்வாதிகாரத்தை எதிர்த்தவர்களையும் தேச விடுதலைக்குப் போராடியவர்களையும் நினைவுகூர்வோம் என்று மேடையில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எஸ்பிளனேட் பூங்காவில் நின்று அப்படிச் சொல்வது கஷ்டம். லிம் போ செங் ஜப்பானிய ராணுவ ஆட்சியை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். அவருக்குப் பக்கத்திலேயே நினைவு வைக்கப்பட்ட இந்திய தேசிய ராணுவம் அதே ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டது. 1944 ஜூன் 29இல் லிம் போ செங் பேராக்கில் உள்ள பத்து காஜா சிறையில் சித்திரவதையும் சீதபேதியும் சேர்ந்து வாட்ட, 35 வயதில் இறந்தார். அதே நாள்களில் இம்பால் போர்முனையில் இந்திய தேசிய ராணுவத்தின் வீரர்கள் மழையிலும் பசியிலும் மலேரியாவிலும் கிடந்தார்கள். இந்த இரண்டு தரப்பும் சந்தித்திருந்தால் ஒருவரை ஒருவர் சுட்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் நாம் மலர் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். ஏன் என்பதை நமக்கு நாமே தெளிவாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டும்.

லிம் போ செங் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பிஸ்கட்டும் செங்கலும் செய்து விற்ற குடும்பத் தொழிலை நடத்தியவர். சீனா மீதான ஜப்பானின் படையெடுப்பை எதிர்த்து நிதி திரட்டியவர். நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு மனைவி மக்களை இங்கேயே விட்டுவிட்டுத் தப்பினார். ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாவுக்குத் திரும்பி வந்தார். பிடிபட்டபோது எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1954 ஜூன் 29 அன்று, இந்த நினைவகம் திறக்கப்பட்டது. எலிசபெத் சோயின் கதையும் பலருக்குத் தெரியும். ஆர்ச்சர்ட் சாலை ஒய்எம்சிஏ கட்டடத்தில் இருந்த கெம்பித்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் காவலில் ஏறக்குறைய 200 நாள் சித்திரவதையைத் தாங்கியவர் அவர்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். தமிழர்கள் பெருந்திரளாக நின்ற பக்கம் அதுதான்.

ஃபேரர் பார்க் என்றால் இன்று நமக்கு முஸ்தபா சென்டர் ஞாபகம் வரும். 1942 பிப்ரவரி 17 அன்று அங்கிருந்த பெரிய திடலில் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த சுமார் 45,000 வீரர்கள் கூட்டி வைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு, அதே பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து பிடிபட்ட கேப்டன் மோகன் சிங் பேசி, இந்திய விடுதலைக்காக ஒரு படை அமைக்கலாம் வாருங்கள் என்று அழைத்தார். இரண்டு நாளைக்கு முன்புவரை யாருக்காகச் சண்டை போட்டார்களோ, அவர்களே கைகழுவிவிட்டார்கள். எதிரே நிற்பவன் "உன் நாட்டு விடுதலைக்கு உதவுகிறேன்" என்கிறான். அந்தத் திடலில் நின்ற ஒவ்வொருவரும் தானாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். பல ஆயிரம் பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் நியூகினித் தீவுக்கு வேலையாள்களாக அனுப்பப்பட்டுப் பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். சேர்ந்தவர்களும் ஜப்பானியரின் கைப்பொம்மைகளாக இருக்கவில்லை. தன் படையை ஜப்பான் எந்த அளவுக்கு மதிக்கப்போகிறது என்று மோகன் சிங்கே கேள்வி கேட்டார். 1942 டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள், முதல் படை கலைந்தது. சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த கே. பி. கேசவ மேனன், கிழக்காசிய இந்தியர்களின் விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஜப்பானியரின் தலையீட்டை ஏற்க முடியாமல் விலகினார், பின்னால் ஜப்பானியர் அவரைச் சிறையில் அடைத்தார்கள். மோகன் சிங்கும் கேசவ மேனனும் இந்திய விடுதலைக்காக நின்றவர்கள், ஜப்பானிய சர்வாதிகாரத்தையும் எதிர்த்தவர்கள். எஸ்பிளனேட் பூங்காவின் இரண்டு கல்லுக்கும் இடையில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் லீக்கின் தலைவர் ராஷ் பிஹாரி போஸ் தலைமைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பு, "டெல்லி சலோ" முழக்கம். அக்டோபர் 21 அன்று அதே கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதன் விளம்பரத் துறைக்கு அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயர் தமிழர். பெண்கள் விவகாரத்துக்குப் பொறுப்பேற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் சென்னையில் பிறந்து அங்கேயே மருத்துவம் படித்தவர், 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவமனை நடத்தியவர்.

இந்தத் தேதிகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஏன் இதில் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பதிலுக்கு 1941க்குப் போக வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானவர்கள் தலைமையில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஜப்பானியர் வருவதற்கு ஏழெட்டு மாதத்துக்கு முன்பு நடந்தது இது.

அந்தத் துரைமார்கள் 1942இல் கப்பலேறி ஓடினார்கள். தோட்டங்கள் நின்றன, கூலி நின்றது, அரிசி மறைந்தது. சப்பான்காரன் காலம் என்றால் மரவள்ளிக்கிழங்கும் மதிப்பில்லாத வாழைமர நோட்டும்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, நீ கூலியல்ல, சிப்பாய் என்கிறார். அவர் பேசியது உடனுக்குடன் தமிழிலும் சொல்லப்பட்டது. பட்டினியும் இருந்தது, பயமும் இருந்தது. படையில் சேராவிட்டால் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதும் ஒரு காரணம். இதை ஒப்புக்கொள்வதால் அவர்களுடைய தியாகம் குறைந்துவிடாது. வயிறும் மானமும் சேர்ந்து ஒரு மனிதனை எழுப்பி நிறுத்தியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மானம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சமயத்துக்கும் சாதிக்கும் தகுந்தபடி சமையல் தனித்தனியாக நடக்கும். இந்திய தேசிய ராணுவத்தில் எல்லாரும் ஒரே பந்தி. நேதாஜியோடு ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்த அபித் ஹசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் இருக்கிறது. டேங்க் ரோடு செட்டியார் கோவிலுக்கு வரும்படி நேதாஜியை அழைக்கிறார்கள், நன்கொடையும் தருவதாகச் சொல்கிறார்கள். எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் உள்ளே வரலாம் என்றால் வருகிறேன் என்று அவர் சொல்லிவிடுகிறார். கடைசியில் இஸ்லாமிய, கிறிஸ்தவ அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார். தைப்பூசத்தன்று காவடிகள் போய்ச் சேரும் அதே கோவில்தான். தோட்டத்து லயத்தில் எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பெண்கள். 1943 ஜூலையில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை தருவதற்கு டாக்டர் லட்சுமி இருபது பெண்களைத் திரட்டிக் கையில் துப்பாக்கியோடு நிறுத்தினார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. படையில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன, ஐந்நூறு என்பாரும் உண்டு, ஆயிரம் என்பாரும் உண்டு. பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அவர்களிலும் பலர் தோட்டத்துப் பெண்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்து பதின்ம வயதிலேயே சேர்ந்த ஜானகி தேவரும் அந்த முகாமில் இருந்தார், கங்காணியின் அதட்டலுக்குப் பயந்து வாழ்ந்த பெண்ணும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே கால்சட்டை போட்டு, ஒரே உணவைத் தின்று பயிற்சி எடுத்தார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் இன்று குவான் இம் கோவிலுக்கும் கிருஷ்ணன் கோவிலுக்கும் ஊதுபத்தி ஏற்ற வரும் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம், இந்தத் தெருவில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கியோடு நடைபோட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வரும்.

அந்தப் படை பர்மா வரை போனது, இந்திய மண்ணை மிதிக்கவில்லை. பின்வாங்கும்போது அவர்கள் வந்த ரயில் தாக்கப்பட்டு இருவர் இறந்தார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்பது அவர்களுடைய பெயர்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும்?

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை சுகமாக முடிந்துவிடும். நிறுத்தக் கூடாது. இந்தப் படை யாரோடு கைகோத்தது என்பதையும் பேச வேண்டும். 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதே ஊரில் ஜப்பானியர் சீன ஆண்களைச் சலித்தெடுத்துக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். குறைந்த கணக்கே ஐயாயிரம் பேர், சீன சமூகம் சொல்லும் கணக்கு அதைப் போலப் பல மடங்கு. பொதுமக்கள் நினைவகத்தின் அடியில் 606 தாழிகளில் எலும்புகள் இருக்கின்றன. நம் அண்டை வீட்டுக்காரர்களின் பாட்டன்மார் அப்படிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், நம்மில் பலர் அவர்களைக் கொன்றவனின் கூட்டாளியாக நின்றோம். அந்தமான் தீவுகளைச் சுதந்திர இந்திய அரசிடம் ஒப்படைத்துவிட்டதாக ஜப்பான் அறிவித்தது, 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி அங்கே போய்க் கொடியேற்றினார். ஒரு மாதம் கழித்து அதே அந்தமானில், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். கொடி பறந்த இடத்தில் அதிகாரம் வேறொருவனிடம் இருந்தது.

நேதாஜியின் கணக்கு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு பேரரசை விரட்ட இன்னொரு பேரரசின் தோளில் ஏறினால் இறங்கும்போது யார் தயவில் இறங்குவது என்பதற்கு அவரிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கிள்ளானில் சுடப்பட்டவர்களின் சொந்தக்காரர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்கு அதுவரை தெரிந்திருந்த சர்வாதிகாரி குதிரையில் வந்த தோட்டத் துரைதான். தலைவர்களின் அரசியலை எடை போடும் தராசை வேறாகவும், அந்த அழைப்பில் முதன்முறையாகத் தன்னை மனிதனாகக் கண்டவர்களின் நெஞ்சுரத்தை எடை போடும் தராசை வேறாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

இந்திய தேசிய ராணுவத்துக்கு எஸ்பிளனேடில் முதலில் ஒரு முழு நினைவுச் சின்னமே இருந்தது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். பெயர் தெரியாத போர்வீரருக்கான நினைவாக அது எழுந்தது. கட்டும் பொறுப்பு ஆங்கிலோ இந்தியரான கர்னல் ஸ்ட்ரேசியிடம் இருந்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்படும் இத்தஃபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஆகஸ்ட் 18 அன்று நேதாஜி தைப்பேயில் விமான விபத்தில் இறந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. வந்த சில நாள்களிலேயே, ஜப்பானியர் முறைப்படி சரணடையும் சடங்குகூட நடந்து முடிவதற்கு முன்பே, அந்தச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரில் சோறில்லை, மருந்தில்லை, சிறைகளில் எலும்பும் தோலுமாகக் கைதிகள். அந்த அவசரத்திலும் ஒரு கல்லை உடைப்பதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள்!

நினைவுக்கல் யாருக்குக் கிடைக்கும் என்பது அதிகாரத்தைப் பொறுத்தது என்பதற்கு இந்த ஊரிலேயே இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1915 பிப்ரவரி 15 அன்று, ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுவதற்குச் சரியாக 27 ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியப் படைப்பிரிவின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடக்கிய பிறகு 47 பேருக்கு மரண தண்டனை. அவுட்ரம் சிறைச் சுவரின் முன்னால், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, சுட்டுக் கொன்றார்கள். கலகத்தில் இறந்த பிரிட்டிஷாருக்கு விக்டோரியா நினைவு மண்டபத்திலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் பெயர் பொறித்த பலகைகள் வைத்தார்கள். சுடப்பட்ட 47 பேருக்குப் பலகை வைக்க ஆள் இல்லை.

இந்திய தேசிய ராணுவச் சின்னம் இருந்த இடத்தை அடையாளம் காட்டும் குறி 1995இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில் வைக்கப்பட்டது. சுதந்திர சிங்கப்பூர் அதை வைத்ததை நான் பெருமையாகவே சொல்வேன். லிம் போ செங்கை மதிக்கும் ஒரு நாடு, சில அடிகள் தள்ளி, எதிர்த் தரப்பில் நின்ற தன் குடிமக்களின் நினைவுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உலகத்தில் எல்லா நாட்டுக்கும் இது கைவரவில்லை.

தோற்ற படை என்பதால் அதன் விளைவும் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அந்தப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் வழக்கு தொடங்கியதும் இந்தியா முழுவதும் கொதித்தது. அது இந்தியாவின் கதை. இந்தப் பக்கம் நடந்ததைத்தான் நாம் அதிகம் மறந்துவிட்டோம். படையிலும் லீக்கிலும் பழகியவர்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது பழையபடி குனிய மறுத்தார்கள். சுதந்திர இந்திய அரசில் பொறுப்பு வகித்த ஜான் திவி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவரானார், ஜானகி தேவரும் அதன் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவர். தஞ்சை மண்ணில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போன ஜேம்ஸ் புதுச்சேரி என்ற மலையாளி, பின்னால் சிங்கப்பூரில் படித்து, 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1950களிலும் மறுபடி 1963இலும் விசாரணையில்லாமல் காவலில் வைக்கப்பட்டார். இவர்களுடைய அரசியல் ஒன்றுக்கொன்று வேறு. நாட்டைத் தன் நாடாக நினைக்கும் பழக்கம் மட்டும் அந்த மூன்று வருஷ அனுபவத்தில் இவர்கள் எல்லாரிடமும் உறுதிப்பட்டது என்பது என் எண்ணம்.

இனி நான் சொல்லத் தயங்கித் தயங்கி வந்த இடம். எஸ்பிளனேட் பூங்காவில் எங்கேயும் இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது.

சயாம் மரண ரயில் 415 கிலோமீட்டர் நீளம். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் அதில் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர், வயது, படைப்பிரிவு எழுதிய கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாது, அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைப் பூட்டி, அப்படியே ஏற்றிக்கொண்டு போன கதைகளைக் கேட்டிருப்பீர்கள். போர்க்கைதிகளோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், பட்டியல் எழுத அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர் முகாமில் காலரா வந்தபோது மருந்தும் இல்லை, எழுதி வைக்க ஆளும் இல்லை.

என் தாத்தாவின் அண்ணன் அந்த ரயில் சடக்குப் போடப் போனவர். ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொன்னார்களாம். 1943இல் போனார். அவ்வளவுதான் தெரியும். போர் முடிந்து தாத்தா சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இறந்த நாள் தெரியாததால் அண்ணனுக்குத் திதி கொடுக்க முடியவில்லை. நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் பொதுவான மகாளய அமாவாசையில்தான் கொடுப்பார். அந்தப் பெரியவர் விடுதலைக்குப் போராடியவரா, சர்வாதிகாரத்தை எதிர்த்தவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடிபட்டும் உயிரோடு இருக்க முயன்றிருப்பார், பக்கத்தில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார், ஓடித் தப்பிக்கப் பார்த்திருப்பார். அவரைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஒரு நினைவஞ்சலி நடந்தால் அதில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

நினைவுக்கல் நடுவது நமக்குப் புதிதல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் முறை சொல்கிறது. "பெயரும் பீடும் எழுதி" நட்ட கல் என்கிறது சங்கப் பாட்டு. முதலில் பெயர், பிறகுதான் பெருமை. அந்த முறைப்படி பார்த்தால் சிங்கப்பூரில் நமக்குக் குறைவது முதல் சொல்தான். இந்திய தேசிய ராணுவக் குறியில் படையின் பெயர் இருக்கிறது, படைவீரரின் பெயர் இல்லை. வெள்ளைத் தூண்களில் இனம் இருக்கிறது, ஆள் இல்லை. பெயர்கள் வேண்டும் என்றால் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போக வேண்டும். கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் உள்ளன, பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஏராளம். தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கும் தனி நினைவிடம் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பேரரசு தன் சிப்பாய்களின் பெயரை எழுதி வைத்தது. அதை எதிர்த்தவர்களுடைய பெயரையும், அதன் தோட்டங்களில் உழைத்தவர்களுடைய பெயரையும் எழுதும் வேலை நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

பாதி வேலை ஏற்கனவே நடந்திருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கி, 1981இலிருந்து ஜப்பானியர் காலத்தைப் பற்றிய நேர்காணல்களைப் பதிவு செய்திருக்கிறது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அவற்றில் உண்டு, இணையத்தில் தேடிக் கேட்கலாம். ஒரு முதியவர் பேச்சின் நடுவே சக வீரர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பதைக் கேட்டிருக்கிறேன். வேறெந்த ஏட்டிலும் இல்லாத பெயராக இருக்கலாம் அது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திலும் இந்தப் படையின் கதைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மீதிப் பாதி வீடுகளில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நேதாஜி அடுத்த பிறவியில் தமிழனாகப் பிறக்க விரும்பினார் என்ற செய்தி வருஷம் தவறாமல் சுற்றும். அதற்கு ஆதாரம் காட்டியவரை நான் பார்த்ததில்லை. அதை அனுப்புகிற அதே நண்பரிடம் உங்கள் தாத்தா அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டால், அரை மணி நேரம் பேசுகிறார். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, யாரோடு போனார், யார் திரும்பி வரவில்லை என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒருவர் வீட்டில் நெகிரி செம்பிலானிலிருந்து வந்த ஒரு கடிதம், இன்னொருவர் வீட்டில் பழைய லீக் உறுப்பினர் அட்டை. அதையெல்லாம் இப்போது எழுதிவைத்துக்கொண்டு வருகிறேன். பெயர், ஊர், எங்கே போனார், கடைசியாக யார் பார்த்தார்கள் என்று நான்கே கேள்விகள்தான் வைத்திருக்கிறேன். இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்களுக்கும் சயாமுக்குப் போனவர்களுக்கும் ஒரே நோட்டுதான். சில குடும்பங்களில் ஒரு மகன் அங்கே, இன்னொருவன் இங்கே.

போன மகாளய அமாவாசைக்கு அப்பாவோடு கோவிலுக்குப் போயிருந்தேன். எள்ளும் தண்ணீரும் விடும்போது குருக்கள் பெயர் கேட்டார். அப்பா தன் அப்பாவின் பெயரைச் சொன்னார், பிறகு பெரியப்பாவின் பெயரைச் சொன்னார். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். தெரியாது என்றார் அப்பா. "இறந்த இடம்?" அப்பா என்னைப் பார்த்தார். சயாம் என்று நான் சொன்னேன்.